நாய்க்கு அரிப்பு மாத்திரை: கொடுக்கும் முன் அட்டையின் பின்பக்கம்

நாய் இரவெல்லாம் சொறிகிறது. வீட்டு அலமாரியில் செட்டிரிசின் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு முறையாவது முடிச்சுப் போட்டுப் பார்க்காத நாய் வளர்ப்பவர் சேலத்தில் இருப்பாரா என்பது சந்தேகம். அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ மருந்துக்கடையில் வாய்விட்டுக் கேட்டாலே போதும், அட்டையில் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். மனிதருக்குத் தும்மலை நிறுத்துகிற மாத்திரை நாய்க்கு அரிப்பை நிறுத்தாதா என்று தோன்றுவது இயல்புதான்.

ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு, எடைக்கேற்ற அளவில், வேறெதுவும் கலக்காத செட்டிரிசின் மாத்திரையைக் கொடுக்கலாம். கால்நடை மருத்துவர்களே கொடுக்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் செட்டிரிசினில் இல்லை. ஒரே மாத்திரைக்குள் அதனுடன் சேர்ந்து வரும் மற்ற மருந்துகளில் இருக்கிறது. கூடவே ஓர் ஏமாற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். மருந்து நாய்க்குத் தீங்கு செய்யாது என்பதனாலேயே அரிப்பு நின்றுவிடும் என்று ஆகிவிடாது.

அரிப்பு எங்கிருந்து வருகிறது

தீங்கு செய்யாத ஒரு பொருளை உடலின் காவல் அமைப்பு பகையென்று எண்ணிக் கொந்தளிப்பதுதான் ஒவ்வாமை. அந்தப் பொருள் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியாக இருக்கலாம், புல்லின் மகரந்தமாக இருக்கலாம், ஈரச் சுவரின் பூஞ்சையாகவோ தெள்ளுப்பூச்சியின் எச்சிலாகவோ தினமும் போடுகிற கோழிக்கறியாகவோ இருக்கலாம். நாயின் தோலில் மாஸ்ட் செல்கள் என்ற ஒருவகை அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சேமித்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பகைப்பொருள் வந்து தொட்டதும் அதைக் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமின் போய் நரம்பு முனைகளிலும் இரத்தக்குழாய்களிலும் உள்ள தனக்கான இடங்களில் உட்கார்ந்ததும் தோல் சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது.

மனிதருக்கு இது மூக்கிலும் கண்ணிலும் தெரியும். நாய்க்குத் தோலில் தெரியும். பாதத்தை ஓயாமல் நக்குவது, காதைத் தரையில் தேய்ப்பது, அக்குளும் அடிவயிறும் சிவப்பது, வெள்ளை நாயாக இருந்தால் நக்கிய இடத்து முடி எச்சிலால் செம்பழுப்பாக மாறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். அடிக்கடி வரும் காதுச் சீழும் பல நாய்களுக்கு ஒவ்வாமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதுதான். காதில் சொட்டு மருந்து விட்டால் ஆறுகிறது, அடுத்த மாதம் மறுபடி வருகிறது என்றால் காதை மட்டும் பார்த்துப் பயனில்லை.

ஏற்காடு பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா? செட்டிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மருந்து செய்வது அவ்வளவே. ஹிஸ்டமின் வந்து உட்காருவதற்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டவரைத் துண்டு எழுப்பாது. அதனால்தான் தோல் புண்ணாகும் அளவுக்குச் சொறிந்து முடித்த நாய்க்கு மாத்திரை கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் அதிசயத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அரிப்புக் காலம் தொடங்கும் முன்பே தொடங்கி, நாள் தவறாமல் கொடுத்தால் ஓரளவு பயன் தெரியலாம்.

ஓரளவுதான், அதற்கும் காரணம் உண்டு. முதல் ஆன்டிஹிஸ்டமினை 1937இல் டானியல் போவெ கண்டறிந்தார். 1957இல் நோபல் பரிசும் பெற்றார். மனித மருத்துவத்தில் அந்தக் குடும்பம் பெரும் வெற்றி. நாயின் நாள்பட்ட தோல் அரிப்பிலோ ஹிஸ்டமின் பல குற்றவாளிகளில் ஒருவன் மட்டுமே. இன்டர்லூக்கின்-31 என்ற புரதம் நேரே நரம்பைத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது. செட்டிரிசினுக்கு அதன்மேல் பெரிய பிடி எதுவும் இல்லை. விலங்குகளின் ஒவ்வாமைக்கான சர்வதேசக் குழு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் ஆன்டிஹிஸ்டமின்களுக்குக் கிடைத்த இடம் சிறியதுதான். சில நாய்களுக்குப் பயன்படும், பலவற்றுக்குப் படாது. எந்த நாய்க்குப் படும் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் பூச்சியைத் தேடுங்கள்

சொறிகிற நாயெல்லாம் ஒவ்வாமை நாய் அல்ல. நம் ஊர் வெயிலில் தெள்ளும் உண்ணியும் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கிடைக்கிற விடுப்பு இங்கே கிடையாது. ஆகவே மாத்திரையைத் தேடும் முன் வெள்ளைத் தாளை ஈரமாக்கி விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி, இடுப்பிலும் வாலடியிலும் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். கறுப்புத் துகள்கள் விழுந்து, ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது செரித்த இரத்தம். பூச்சி கண்ணில் படவே வேண்டியதில்லை. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதும். அந்த நாய்க்குப் பெட்டி பெட்டியாகச் செட்டிரிசின் கொடுத்தாலும் கடிக்கிற பூச்சி கடித்துக்கொண்டேதான் இருக்கும்.

உண்ணியைக் காதின் உட்புறத்திலும் விரல் இடுக்கிலும் தேட வேண்டும். காப்பித் தோட்டங்களிலும் மாடு மேயும் புல்வெளிகளிலும் நடந்து திரும்பும் ஏற்காட்டு நாய்களுக்கு இது அன்றாடச் சோதனை. காதின் ஓரமும் முழங்கையும் முடி உதிர்ந்து, பொருக்குத் தட்டி, வீட்டில் உள்ளவர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கத் தொடங்கினால் அது சொறிப்பூச்சி. அதற்கு ஆன்டிஹிஸ்டமின் மருந்தே அல்ல. வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். கடுமையான எண்ணெய் நாற்றம் வீசினால் தோலில் பூஞ்சை பெருகியிருக்கலாம். சீழ்க் கொப்புளம் இருந்தால் பாக்டீரியா. இவை ஒவ்வாமையின் மேல் வந்து ஏறிக்கொள்வதும் உண்டு. அப்போது மேலே ஏறியதை இறக்காமல் அடியில் உள்ளதைத் தொடவே முடியாது.

கிராமங்களில் இன்னும் சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவுகிறார்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். இதை வைத்தியம் என்று சொல்வதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இடமும் பருவமும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். சமவெளியில் மழைக்குப் பின் காலிமனைகளில் புல்லும் களையும் பூக்கும்போது மட்டும் பாதத்தை நக்குகிற நாய்க்கு மகரந்தம் காரணமாக இருக்கலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் ஈரமும் சூழ்ந்த இடம். தூசிப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஈரம் கொண்டாட்டம். மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த மலைவீட்டைத் திறந்து, அங்குள்ள பழைய கம்பளியில் நாயைப் படுக்க வைத்தால் அரிப்பு கூடுவதில் வியப்பில்லை. பருவம் எதுவானாலும் ஒரே மாதிரி அரிக்கிறது, வயிறும் அடிக்கடி கெடுகிறது என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். ஒவ்வாமைத் தோல்நோய் பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தலைகாட்டும். எட்டு வயது வரை சும்மா இருந்த நாய் திடீரென்று சொறிய ஆரம்பித்தால் வேறு நோய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது

மருந்துக்கடையில் நாய்க்கு என்று சொல்லாமல் அரிப்பு மாத்திரை கேட்டால் வருவது செட்டிரிசினாக இருக்கலாம், லீவோசெட்டிரிசினாக இருக்கலாம், லீவோசெட்டிரிசினும் மான்டிலுகாஸ்டு என்ற வேறுவகை ஒவ்வாமை மருந்தும் சேர்ந்த கலவையாக இருக்கலாம், குளோர்பெனிரமினாகவோ அவிலாகவோ இருக்கலாம். சளி, அலர்ஜி என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் வேறொரு கூட்டமே வந்து நிற்கும். முன்பக்கத்து வணிகப் பெயரால் பயனில்லை. ஒரே பெயரின் பின்னால் ‘பிளஸ்’, ‘கோல்டு’, ‘டி’, ‘எம்’ என்று வால் முளைத்தால் உள்ளே இருப்பது வேறு மருந்து. அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். ஆங்கில எழுத்து கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கடைக்காரரிடம், இதில் செட்டிரிசினைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நான்கு மாத்திரை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. அவை இரண்டும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையாக வாங்கிவிடுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கலவையில் எவை இருந்தால் ஆபத்து? முதலில் பாராசிட்டமால். சளி மாத்திரைகளில் 325 அல்லது 500 மி.கி. இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 75 முதல் 100 மி.கி.யைத் தொட்டால் ஈரல் பாதிக்கப்படத் தொடங்கும்; அளவு இன்னும் கூடினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ பொமரேனியனுக்கு ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை அந்த எல்லைக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அரிப்புக்கு என்று நினைத்துக் கொடுத்தது ஒன்று, உள்ளே போனது வேறு.

அடுத்தது மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகள்: சூடோஎபெட்ரின், பினைல்எப்ரின். சூடோஎபெட்ரின் கிலோவுக்கு 5 அல்லது 6 மி.கி. போனாலே நாய் நிலைகொள்ளாமல் அலையும், இதயம் படபடக்கும். 10, 12 மி.கி.யில் உயிரே போகலாம். 60 மி.கி. மாத்திரை ஒன்று 10 கிலோ நாட்டு நாய்க்குக் கொடுத்தால் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில சளி மாத்திரைகளில் காஃபினும் உண்டு. வலி மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கலந்த எதையும் நாயின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பெனட்ரில் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. இணையத்தில் தேடினால் நாய்க்குப் பெனட்ரில் கொடுக்கலாம், இத்தனை கிலோவுக்கு இத்தனை மாத்திரை என்று பட்டியல் பட்டியலாக வரும். அவை அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்கு எழுதியவை. அங்கே அந்தப் பெயரில் விற்பது டைஃபென்ஹைட்ரமின் மட்டும் உள்ள 25 மி.கி. மாத்திரை. நம் கடையில் அதே பெயரைச் சொன்னால் கைக்கு வருவது இருமல் மருந்து. அதில் டைஃபென்ஹைட்ரமினோடு அம்மோனியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும் இருக்கின்றன. வால் எழுத்து சேர்ந்த இன்னொரு வகையில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் இருக்கிறது. பிரிட்டனிலோ அதே பெயரில் செட்டிரிசினும் விற்கிறது. அமெரிக்கக் கணக்கைப் படித்துவிட்டு சேலத்து இருமல் சிரப்பை நாயின் வாயில் ஊற்றுவது எவ்வளவு பொருத்தமில்லாதது என்பது அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே விளங்கிவிடும்.

சிரப்பு என்றாலே எனக்குத் தயக்கம்தான். குழந்தைக்கான மருந்து, நாய்க்கு மென்மையாக இருக்கும் என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். சர்க்கரை இல்லாதது என்று போட்ட சிரப்பிலும் வாயில் கரையும் மாத்திரையிலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டிவிடும். பெரும்பாலும் அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும். கிலோவுக்கு 0.1 கிராம் இதற்குப் போதும். இன்னும் கூடினால் ஈரலும் போகும். சிரப்பைத் தவிர்த்து மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதே நல்லது.

எவ்வளவு, எப்போது

எடை தெரியாமல் அளவு இல்லை. பார்த்தால் 15 கிலோ இருக்கும் என்று கண்ணால் போடும் எடை அநேகமாகத் தவறும். வீட்டு எடைக்கருவியில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழியுங்கள். தூக்க முடியாத அளவு பெரிய நாயென்றால் கால்நடை மருத்துவமனையின் தரைத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம்.

செட்டிரிசினுக்குப் பொதுவான அளவு கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு ஒரு முறை. 10 கிலோ நாய்க்கு 10 மி.கி. மாத்திரை ஒன்று, 5 கிலோ பொமரேனியனுக்குப் பாதி. நாளுக்கு இரண்டு முறையாக்குவது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. 32 கிலோ லாப்ரடாருக்கு அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. பொதுவாக 20 மி.கி. என்ற இடத்தில் கோடு போட்டுக்கொள்வது வழக்கம்.

லீவோசெட்டிரிசினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செட்டிரிசினில் வேலை செய்கிற பாதியை மட்டும் பிரித்தெடுத்ததுதான் அது, 5 மி.கி. ஏறத்தாழ 10 மி.கி. செட்டிரிசினுக்குச் சமம். கிலோவுக்கு 1 மி.கி. என்ற விதியைப் பழக்கத்தில் இதற்கும் போட்டால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். மான்டிலுகாஸ்டு கலந்ததை மருத்துவர் எழுதாமல் கொடுக்க வேண்டாம்.

குளோர்பெனிரமின் பழைய தலைமுறை மருந்து. கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. வரை, 8 அல்லது 12 மணி நேர இடைவெளியில் மருத்துவர்கள் தருகிறார்கள். பழைய தலைமுறையெல்லாம் மூளைக்குள் எளிதாகப் புகும், ஆகவே தூக்கம். நாய் சொறியாமல் படுத்திருப்பது அரிப்பு நின்றதாலா, மயக்கத்தாலா என்று கண்டுபிடிப்பது கடினம். அமைதியாகத் தூங்குகிறதே என்று வீட்டார் மகிழ்வதை நான் முழுவதுமாக நம்புவதில்லை. சில நாய்களுக்கு நேர்மாறாகத் தூக்கம் கெட்டு, வீடு முழுவதும் அலைவதும் உண்டு.

அவில் மாத்திரை பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாட்டாஸ்பத்திரியில் மருத்துவர் அவில் ஊசி போடுவதைப் பார்த்தவர்கள். அது பெனிரமின் என்ற மருந்து. ஊசிக்கும் மாத்திரைக்கும் அளவு ஒன்றல்ல. ஊசி பார்த்த நினைவில் மாத்திரை வாங்காமல், அதே மருத்துவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

மலைப்பாதைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் வாந்தி எடுக்கும் நாய்க்கு, தாங்கள் போட்டுக்கொள்கிற அவோமினையே கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள புரோமெத்தசினும் ஆன்டிஹிஸ்டமின் குடும்பம்தான். காலையில் அரிப்புக்குச் செட்டிரிசின், அடிவாரத்தில் வாந்திக்கு அவோமின் என்றால் ஒரே குடும்பத்து மருந்து இரண்டு முறை உள்ளே போகிறது. மேலே போய்ச் சேரும்போது நாய் துவண்டுகிடக்கும்.

முதல் மாத்திரையை விடுமுறை நாள் காலையில் கொடுங்கள். அன்று முழுவதும் வீட்டில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். உடைத்த செட்டிரிசின் கசக்கும்; இட்லித் துண்டிலோ வாழைப்பழத்திலோ பொதிந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் விழுங்கிவிடும். திராட்சையிலும் சாக்லேட்டிலும் மறைக்கக் கூடாது, அவையே நாய்க்கு நஞ்சு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்கவும் வேண்டாம்.

இரண்டு வாரம் நாள் தவறாமல் கொடுத்துப் பாருங்கள். இரவில் எத்தனை முறை எழுந்து சொறிகிறது, பாதம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் நம் ஆசை நம்மை ஏமாற்றாது. மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். அளவைக் கூட்டிப் பார்ப்பது பயன் தராது.

யாருக்குக் கூடாது

வலிப்பு வரும் நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எந்த ஆன்டிஹிஸ்டமினும் வேண்டாம், வலிப்பைத் தூண்டக்கூடும். கண் அழுத்த நோய், சிறுநீர் தேங்கும் தொல்லை, புராஸ்டேட் வீக்கம், இதய நோய் உள்ளவற்றுக்கும் அப்படியே. செட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்த கிழ நாயின் உடலில் அது தங்கிவிடும். குட்டிகள், சினை நாய், பால் கொடுக்கும் நாய், ஏற்கெனவே தூக்க மருந்தோ வலி மருந்தோ சாப்பிடும் நாய் ஆகியவற்றுக்கும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. பூனைக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்த அளவையும் பயன்படுத்தாதீர்கள். குறிப்பாகப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

களிம்புகளிலும் கவனம் தேவை. கடையில் கேட்டால் கிடைக்கிற படைக் களிம்புகள் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். தடவியதை நாய் ஐந்து நிமிடத்தில் நக்கி முடித்துவிடும். காலமின் லோஷனில் துத்தநாகம் உண்டு, அதுவும் நக்கக் கூடாதது. ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பை அற்புதமாக அடக்கும் என்பது உண்மை. ஒரு முறை மருத்துவர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதையே வாங்கிக் கொடுப்பவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், பசி அடங்காது, வயிறு தொங்கும், தோல் மெலியும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட ஆபத்து; மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மாத்திரைக்கு நேரமில்லாத ஒவ்வாமை

இதுவரை சொன்னது நாள்பட்ட அரிப்பைப் பற்றி. பூச்சிக் கொட்டு வேறு. கோடைமழை விழுந்து காப்பிச்செடி பூக்கும் மார்ச், ஏப்ரலில் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் தேனீக்கள் நிறைந்திருக்கும். நாய் மோப்பம் பிடிக்கப் போய் மூக்கிலோ உதட்டிலோ வாங்கிக்கொள்ளும். சில நேரங்களில் தடுப்பூசிக்குப் பிறகும் இதே மாதிரி முகம் வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும்.

தேனீயின் கொடுக்கு தோலில் நின்றிருந்தால் உடனே அகற்றுங்கள். ஈரத்துணியால் ஒற்றடம் கொடுங்கள். வீக்கம் முகத்தோடு நின்று, நாய் வழக்கம்போல் நடந்து, மூச்சு சீராக இருந்தால் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செட்டிரிசின் கொடுக்கலாம். ஆனால் நாயின் உடலில் கடும் ஒவ்வாமை முதலில் தாக்குவது பெரும்பாலும் ஈரலையும் குடலையும்தான். வாந்தி, திடீர்ப் பேதி, ஈறு வெளுப்பது, கால் தள்ளாடுவது, மூச்சுத் திணறுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசியும் சிரைவழித் திரவமும். வயிற்றுக்குள் போய்க் கரைந்து வேலை செய்ய மாத்திரைக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் நாயிடம் இருக்காது. மலையில் மருத்துவர் கிடைக்காவிட்டால் வளைவுகள் எல்லாம் இறங்கிச் சேலம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டும். புறப்படும் முன்பே மருத்துவருக்குப் பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.

நாய் அட்டையோடு மாத்திரையைக் கடித்துத் தின்றுவிட்டால் எத்தனை மாத்திரை போயிற்று என்று எண்ணிக்கொண்டு, மிஞ்சிய அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். அந்த உப்பே நாயின் மூளையைப் பாதிக்கும். பாலும் மோரும் நஞ்சை முறிக்கா. நடுக்கம், அளவு மீறிய படபடப்பு, வலிப்பு ஆகியவை ஆன்டிஹிஸ்டமின் கூடிப்போனதன் அறிகுறிகள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு

மாத்திரை பயன் தரவில்லை என்றால் மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். காதின் அழுக்கைச் சாயமிட்டுப் பூஞ்சை தேடுவார். தெள்ளுக்கும் உண்ணிக்கும் முறையான மருந்து தந்து அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்ப்பார். சாப்பாட்டைச் சந்தேகித்தால் நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுக்கச் சொல்வார். அந்த எட்டு வாரத்தில் பாட்டி ஒளித்துப் போடுகிற பிஸ்கட் ஒன்றுகூடச் சோதனையைக் கெடுத்துவிடும். வீட்டார் அனைவரும் ஒத்துழைக்காமல் இது நடக்காது. அரிப்பு நரம்பின் செய்தியையே தடுக்கிற ஓக்லாசிடினிப் போன்ற மருந்துகள் செட்டிரிசினைவிட வெகுவாக வேலை செய்கின்றன. விலை கூடுதல், மருத்துவர் கண்காணிப்பும் தேவை. குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவால் வாரம் ஒரு முறை, பத்து நிமிடம் நுரையை ஊறவிட்டுக் குளிப்பாட்டுவது சில நாய்களுக்கு மாத்திரை தராத நிம்மதியைத் தரும்.

கடினமான நோயாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பக்கூடும். 1985இல் தொடங்கிய கல்லூரி, சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தலைவாசலிலும் ஒரு கல்லூரி இப்போது இருக்கிறது. எங்கே போனாலும் இதுவரை கொடுத்த எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள், வெட்டிய துண்டுகளையும் சேர்த்து. தோலில் ஊசிபோட்டுச் செய்கிற ஒவ்வாமைச் சோதனை நடத்துவதாக இருந்தால் செட்டிரிசினை அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். தேதி குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.